கன்ட்ரோல் லைன் ஸ்டன்ட் விமானத்துக்கு என்ஜின் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கம்பியில் கட்டி, லூப் போன்ற உருவங்கள் போட்டுப் பறக்கவிடும் மாடல் விமானம்தான் ஸ்டன்ட் விமானம். அதற்கு முதன்முதலாக என்ஜின் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எதில் பவர் அதிகம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த விளையாட்டில் பவர் தட்டுப்பாட்டால் தோற்றவர்களைவிட, அடங்காத என்ஜினை மாட்டிவிட்டுத் தவித்தவர்கள்தான் அதிகம்.

கன்ட்ரோல் லைனில் விமானி வட்டத்தின் நடுவே நிற்கிறார். கைப்பிடியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் விமானத்துக்குப் போகின்றன. அவற்றால் எலிவேட்டரை, அதாவது மூக்கைத் தூக்கி இறக்கும் வால் பலகையை, மேலும் கீழும் அசைக்கலாம், அவ்வளவுதான். வழக்கமான ஸ்டன்ட் விமானத்தில் த்ராட்டில் கிடையாது. 1940-களில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஜிம் வாக்கர் 'யூ-கன்ட்ரோல்' என்ற பெயரில் பரப்பிய ஏற்பாடு இன்றும் சாரத்தில் அப்படியேதான் இருக்கிறது. நம் ஊரில் என்.சி.சி. ஏர் விங்கில் ஏரோமாடலிங் செய்தவர்களுக்கும் இது புதிதல்ல.

த்ராட்டில் இல்லை என்றால் என்ன அர்த்தம்? மூக்கு மேலே போகும்போது முடுக்கவும் கீழே இறங்கும்போது தணிக்கவும் உங்களால் முடியாது. அதை என்ஜினே செய்துகொள்ள வேண்டும். ஆறு நிமிடம், யாரும் தொடாமல், நேராகவும் தலைகீழாகவும் ஒரே வேகத்தில். என்ஜின் தேர்வு முழுக்க இந்த ஒரு தேவையைச் சுற்றித்தான்.

எவ்வளவு வேகம், எவ்வளவு இழுவை

என்ஜினைப் பார்க்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. முழு அளவு ஸ்டன்ட் விமானம் சுமார் 20 மீட்டர் ஆரத்தில் ஒரு சுற்றை 5.3 விநாடியில் முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 85 கி.மீ. வேகம். இந்த வேகத்தில் விமானம் தன் எடையைப் போலச் சுமார் 2.9 மடங்கு விசையில் கம்பியை வெளியே இழுக்கும். விமானத்தின் எடை 1.7 கிலோ என்றால் கையில் ஏறக்குறைய 4.9 கிலோ. தலைக்கு நேர் மேலே போகும்போது புவியீர்ப்பு ஒரு மடங்கைக் கழித்துவிடும், மிச்சம் 3.2 கிலோ.

இப்போது சுற்று நேரத்தை 6 விநாடி ஆக்குங்கள். மட்டத்தில் இழுவை 3.8 கிலோ, தலைக்கு மேலே 2.1 கிலோதான். இதுவும் வேகம் குறையாமல் மேலே ஏறினால். உண்மையில் ஏறும்போது வேகம் விழும், கம்பி தளரும், அப்புறம் கைப்பிடியை எவ்வளவு அசைத்தாலும் விமானம் கேட்காது. ஓவர்ஹெட் எய்ட், ஃபோர் லீஃப் க்ளோவர் போன்ற, தலைக்கு மேலே போய் வரும் உருவங்களில் விமானங்கள் தரையில் போய்ச் சேர்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அதற்காக 4.5 விநாடிச் சுற்றும் வேண்டாம். கம்பி நன்றாக இறுகும், ஆனால் சதுர லூப்பின் நாலு மூலையையும் யோசித்துத் திருப்ப நேரம் இருக்காது. முழு அளவு விமானத்துக்கு 5 முதல் 5.5 விநாடி என்பது அனுபவத்தில் நின்ற எல்லை. நாம் வாங்கும் என்ஜின் இந்த வேகத்தைச் சிரமமில்லாமல் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் போகாமல் நிற்க வேண்டும்.

முதல் படி: விமானத்தை முடிவு செய்யுங்கள்

என்ஜினை வாங்கி வைத்துவிட்டு அதற்கேற்ற விமானம் தேடுவது தலைகீழ் வேலை. விமானத்தின் எடைதான் அளவைத் தீர்மானிக்கிறது. என்ஜின் பெயரில் வரும் 25, 35, 46 எல்லாம் கன அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. 25 என்றால் 0.25 கன அங்குலம், சுமார் 4.1 சி.சி. 35 என்றால் 5.7, 46 என்றால் 7.5, 60 என்றால் ஏறக்குறைய 10 சி.சி.

நான் வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது. 900 கிராம் முதல் 1.1 கிலோ வரை உள்ள சிறிய விமானத்துக்கு 25 போதும். 1.1 முதல் 1.3 கிலோ வரை 35 அல்லது அடக்கமான 40. 1.4 முதல் 1.6 கிலோ வரை 46. அதற்கு மேல், 1.7 - 1.9 கிலோ போட்டி விமானங்களுக்கு 60-ம் அதற்கு மேலும். எல்லையில் இருந்தால் பெரியதைத் தேர்ந்தெடுத்து, அதை அடக்கி ஓட்டுவதுதான் நல்லது. சின்ன என்ஜினைக் கசக்கிப் பிழிந்தால் வெயில் ஏறியதும் கைவிட்டுவிடும்.

அளவோடு எடையையும் பாருங்கள். ஜார்ஜ் ஆல்ட்ரிச் வடிவமைத்து 1950-களில் டாப் ஃப்ளைட் நிறுவனம் கிட்டாக விற்ற நோப்ளர் விமானத்தை இன்றும் பலர் கட்டுகிறார்கள். அதன் மூக்கின் நீளம் ஃபாக்ஸ் 35 போன்ற, 200 கிராமுக்கும் குறைவான என்ஜினை நினைத்து வரைந்தது. அதில் 350 கிராம் பால் பேரிங் என்ஜினை மாட்டினால் மூக்கு கனத்துவிடும். சமன் செய்ய வாலில் ஈயம் வைப்பீர்கள். முனைக்கு முனை எடை கூடிய விமானம் திரும்பச் சோம்பல்படும், திரும்பியதும் நிற்காது. சைலன்சர் எடையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அது மூக்கின் பக்கம்தான் தொங்குகிறது.

இரண்டாம் படி: எந்த மாதிரி ஓட்டம் வேண்டும்

பிராண்டைவிட முக்கியமான முடிவு இதுதான். இதற்குக் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம்.

க்ளோ என்ஜின்கள், அதாவது சூடான க்ளோ பிளக் கம்பியால் எரிபொருள் பற்றும் என்ஜின்கள், பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். ஆனால் எரிபொருள் கலவை செறிவாக இருந்தால் கிராங்கின் ஒவ்வொரு சுற்றிலும் சரியாகப் பற்றாது. ஒன்று விட்டு ஒன்றுதான் பற்றும். காதுக்குக் கரகரவென்று கேட்கும். இதை ஃபோர் சைக்கிள் என்கிறோம். இந்த நிலையில் இருக்கும் என்ஜின் மீது பளு ஏறினால் உள்ளே சூடு கூடி, ஒவ்வொரு சுற்றிலும் பற்ற ஆரம்பிக்கும். குரல் சட்டென்று மாறி இழையும். அது டூ சைக்கிள்.

பழைய ஸ்டன்ட் என்ஜின்களின் வித்தையே இதில்தான் இருக்கிறது. மட்டமாகப் பறக்கும்போது ஃபோர் சைக்கிளில் சோம்பேறியாக ஓடும். மூக்கு மேலே போனதும் டூ சைக்கிளுக்கு மாறி இழுக்கும். மறுபடி மட்டத்துக்கு வந்ததும் பழையபடி கரகரக்கும். விமானி தொடாமலேயே ஒரு த்ராட்டில். இதை 4-2-4 ஓட்டம் என்பார்கள். 6 அங்குல பிட்ச் (ஒரு முறை சுழலும்போது புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) உள்ள 10 அங்குல மர புரொப்பெல்லரோடு ஃபாக்ஸ் 35 இதைச் செய்வதைக் கேட்டவர்களுக்கு வேறு எந்த என்ஜின் சத்தமும் பிடிக்காமல் போவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. காற்று வீசும் நாளில் தொடர்ந்து மூன்று லூப் போடும்போது காற்றே விமானத்துக்கு வேகத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் என்ஜினும் டூ சைக்கிளில் இழுத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு லூப்பும் முந்தையதைவிட வேகமாகிவிடும். ஆறு அங்குல பிட்ச் புரொப்பெல்லரால் இதைத் தடுக்க முடியாது.

அதனால் வந்ததுதான் இரண்டாவது பாணி: எப்போதும் செறிவான டூ சைக்கிளில், அதிக சுழற்சியில், குறைந்த பிட்ச் புரொப்பெல்லரோடு ஓட்டுவது. 4 அங்குலமோ அதற்குச் சற்றுக் குறைவோ பிட்ச், நிமிடத்துக்குப் பத்தாயிரம் முதல் பதினொன்றரை ஆயிரம் சுற்று வரை. விமானம் அளவுக்கு மேல் வேகமெடுத்தால் அந்தக் குறைந்த பிட்ச் புரொப்பெல்லர் பிரேக் போல இழுத்துப் பிடிக்கும். வேகம் குறைந்தால் உடனே கடித்து இழுக்கும். என்ஜின் குரல் பெரிதாக மாறாது. கேட்க அவ்வளவு அழகில்லை. ஆனால் காற்றில் நிற்பது இதுதான்.

மூன்றாவது வழி டியூன்டு பைப். 1980-களின் பிற்பகுதியில் பரவிய இந்த ஏற்பாட்டில், நீளம் சரியாக வைத்த வெளியேற்றுக் குழாய் ஒரு குறிப்பிட்ட சுழற்சிக்கு அருகில் என்ஜினைப் பிடித்து வைக்கிறது. மற்றபடி பைப்பை வேகப் பந்தயக்காரர்கள்தான் பவருக்காகப் பயன்படுத்துவார்கள். ஸ்டன்டில் அது கவர்னர், அதாவது வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கருவி. 1992 உலகச் சாம்பியன் பால் வாக்கரின் இம்பாக்ட் விமானம் ஓ.எஸ். 40 வி.எஃப். என்ஜினோடு இந்த வழியில் பெயர் பெற்றது. முதல் விமானத்துக்கு இதைத் தொட வேண்டாம். குழாய் நீளம், பிட்ச், கலவை என்று மாறும் விஷயங்கள் கூடிக்கொண்டே போகும். எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு பருவம் போய்விடும்.

புதிதாக வருபவருக்கு என் சிபாரிசு இரண்டாவது வழி. பழைய கால விமானம் ஒன்றை அதன் காலத்து மணத்தோடு பறக்கவிட ஆசை என்றால் மட்டும் முதல் வழி.

மூன்றாம் படி: எந்த என்ஜின்

ஃபாக்ஸ் 35 பற்றிப் பேசாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. டியூக் ஃபாக்ஸின் நிறுவனம் 1940-களின் கடைசியில் கொண்டுவந்து, பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் செய்துகொண்டிருந்த என்ஜின். லேசானது, எளிமையானது, அமெரிக்காவில் பழையது எளிதாகக் கிடைக்கும். பேரிங் வெறும் புஷ் (உருளும் குண்டுகள் இல்லாத உலோக வளையம்) என்பதால் எண்ணெய் தாராளமாக வேண்டும்: எரிபொருளில் 25 சதவீதத்துக்குக் குறையாமல், அதில் பாதியாவது விளக்கெண்ணெய். இன்றைய ரேடியோ கன்ட்ரோல் கடைகளில் கிடைக்கும் எண்ணெய் குறைந்த எரிபொருளை ஊற்றினால் கனெக்டிங் ராடும் கிராங்கும் சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்னொரு பிரபலமான குணம் விக்கல்: வளைவான உருவங்களில் ஒரு நொடி திக்கிவிட்டு மறுபடி ஓடும். கலவை சிலிண்டருக்குப் போகும் பைபாஸ் வழியைக் கொஞ்சம் அடைத்துக் குறுக்குவது இதற்கான பழைய வைத்தியம். இந்த என்ஜினைப் பிடித்தவர்கள் விக்கலோடு சேர்த்துத்தான் பிடித்திருக்கிறார்கள்.

ஓ.எஸ். நிறுவனத்தின் எஃப்.பி., எல்.ஏ. வரிசைகள் வேறு ரகம். ரேடியோ கன்ட்ரோல் பழகுபவர்களுக்கென்று மலிவாகச் செய்தவை. ஸ்டன்ட் உலகம் அவற்றைத் தத்தெடுத்துக்கொண்டது. 20 எஃப்.பி., 25 எஃப்.பி., 25 எல்.ஏ. மூன்றும் சிறிய விமானத்துக்கு அருமை. 9 அங்குல விட்டம், 4 அங்குல பிட்ச், கூடவே வந்த சைலன்சர், எரிபொருளில் 10 சதவீத நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) என்று வைத்தால் பெரிதாக எதையும் மாற்றாமலேயே முழு பேட்டர்னும், அதாவது போட்டியின் உருவ வரிசை முழுவதும், பறக்கும். பலர் இவற்றை "மேம்படுத்துகிறேன்" என்று தலையைக் கழற்றி ஷிம் (மெல்லிய தகடு) போட்டு, காற்று நுழையும் துளையான வென்ச்சுரியைச் சின்னதாக்கி, 6 அங்குல பிட்ச் மாட்டிப் பழைய 4-2-4 ஓட்டத்துக்குக் கட்டாயப்படுத்துவார்கள். அப்போதுதான் முரண்டு பிடிக்கும்.

ஓ.எஸ். 46 எல்.ஏ. நடுத்தர விமானங்களுக்கு ஏற்றது. சைலன்சர் இல்லாமல் சுமார் 270 கிராம். இந்த அளவுக்கு அது லேசு. புரொப்பெல்லர் விட்டம் 11.5 முதல் 12.25 அங்குலம், பிட்ச் 4-ஐ ஒட்டி. சமாதானமான என்ஜின். உங்கள் விமானம் 1.5 கிலோ பக்கம் இருந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

ஓ.எஸ். பெயரின் கடைசியில் 'எஸ்' என்ற எழுத்து இருந்தால் அது கன்ட்ரோல் லைன் ரகம். ரேடியோ கன்ட்ரோல் ரகம் கிடைத்தாலும் பரவாயில்லை: கார்புரேட்டரைக் கழற்றி, அந்த இடத்தில் வென்ச்சுரியும், எரிபொருள் அளவைத் திருத்தும் நீடில் வால்வும் வைத்துவிடலாம். கார்புரேட்டரை முழுவதும் திறந்துவைத்து அப்படியே ஓட்ட முயல வேண்டாம். அதன் துளை பெரியது. உறிஞ்சும் விசை போதாமல் மூக்கைத் தூக்கும்போதெல்லாம் கலவை மாறும்.

40 எஃப்.பி. மட்டும் எச்சரிக்கை. என்ஜின் நல்லதுதான், ஆனால் அதன் உள்ளமைப்பு ஷ்னூர்ல் வகை. பக்கவாட்டுத் துளைகள் வழியே கலவை நன்றாகச் சுழன்று நிரம்புவதால் எரிப்பு பலமாக இருக்கும். செறிவாக வைத்து 4-2-4 எதிர்பார்த்தால் மாற்றம் திடீரென்று, மூர்க்கமாக வரும். லூப்பின் நடுவில் விமானம் பாயும். சின்ன வென்ச்சுரி, குறைந்த பிட்ச் கொடுத்தால் அடங்கும்.

1970-களில் பலருக்கும் பிடித்தது இத்தாலியின் சூப்பர் டைகர் 46. பிறகு அதே நிறுவனத்தின் 60, 51 அளவுகளும் நன்றாக ஓடின. இன்றைக்குப் பழையது மட்டும்தான், உதிரி பாகம் தேடி அலைய வேண்டும். பெரிய அளவில் போட்டிக்கென்றே செய்யப்பட்டவை பி.ஏ., ரோ-ஜெட், உக்ரைனின் ஸ்டாக்கர் போன்றவை. சிறிய எண்ணிக்கையில் செய்வதால் விலை அதிகம், ஆனால் கொடுத்த காசுக்கு ஓட்டம் உண்டு. முதல் வருடத்தில் இவை தேவையில்லை.

சைட்டோ ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின்களையும் சிலர் விரும்புகிறார்கள். எரிபொருள் குறைவாகக் குடிக்கும், பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுழற்றும், பளுவுக்குத் தகுந்தபடி இழுக்கும். வால்வ் இடைவெளி பார்ப்பது உட்பட பராமரிப்பு வேலை கூடுதல்.

காக்ஸ் 049 போன்ற பொடி என்ஜின்களை ஸ்டன்ட் பழக எடுக்காதீர்கள். விலை மலிவு, ஆனால் குட்டி விமானத்தைக் காற்றில் கட்டுப்படுத்துவது பெரிய விமானத்தைவிடக் கடினம்.

நான்காம் படி: வென்ச்சுரி, எரிபொருள்

என்ஜினை வாங்கியதும் அதன் குணத்தை மாற்றும் மிகப் பெரிய கருவி வென்ச்சுரிதான். காற்று போகும் வழி சின்னதானால் வேகம் கூடும். வேகம் கூடினால் எரிபொருளை உறிஞ்சும் விசை கூடும். விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கலவை நிலையாக இருக்கும். பதிலுக்குக் கொஞ்சம் பவர் போகும். ஸ்டன்டில் அது லாபமான பேரம்.

எவ்வளவு சின்ன மாற்றம் எவ்வளவு செய்கிறது பாருங்கள். துளையின் விட்டம் 7 மி.மீ., நடுவே குறுக்காகப் போகும் எரிபொருள் குழாயான ஸ்ப்ரே பாரின் தடிமன் 4 மி.மீ. என்றால் காற்றுக்கு மிஞ்சும் வழி சுமார் 12 சதுர மி.மீ. துளையை 6.5 மி.மீ. ஆக்கினால் 9 சதுர மி.மீ. அரை மில்லிமீட்டரில் கால் பங்கு வழி போய்விட்டது. அதனால் ட்ரில் பிட்டை எடுத்து வென்ச்சுரியை அகலமாக்கும் முன் இரண்டு மூன்று அளவுகளில் தனித்தனியாக வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எரிபொருள் என்பது மெத்தனால், எண்ணெய், கொஞ்சம் நைட்ரோமீத்தேன். ஓ.எஸ். எல்.ஏ. போன்றவற்றுக்கு 10 சதவீத நைட்ரோ, 20 - 22 சதவீத எண்ணெய், அதில் பாதி விளக்கெண்ணெய் என்று தொடங்கலாம். விளக்கெண்ணெய்க்குச் சூட்டைத் தாங்கும் குணம் வேறு எதற்கும் எளிதில் வராது. பதிலுக்குப் பிஸ்டனில் பழுப்பு வார்னிஷ் படியும். உலகின் ஆமணக்கில் பெரும்பகுதி குஜராத்தில் விளைகிறது, ஆனால் நமக்கு எண்ணெய் அல்ல பிரச்சினை, மெத்தனால்தான். தமிழ்நாட்டில் அது சட்டக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் பொருள். வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். இங்கே பறக்க நினைப்பவர் என்ஜின் வாங்கும் முன்பே எரிபொருள் எங்கிருந்து வரும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். முடியவில்லை என்றால் கீழே மின்மோட்டார் பகுதிக்குப் போய்விடுங்கள்.

ஐந்தாம் படி: டேங்க்

நல்ல என்ஜின் என்று வாங்கியது கெட்ட டேங்கினால் கெட்ட பெயர் எடுப்பது சகஜம். மேலே சொன்ன கணக்கில் 2.9 மடங்கு விசை எரிபொருளையும் வெளிப்பக்கம்தான் தள்ளுகிறது. ஆகவே உறிஞ்சும் குழாயின் முனை டேங்கின் வெளிச் சுவரில், பின்மூலையில் இருக்க வேண்டும்.

காற்றுக் குழாயை யூனிஃப்ளோ முறையில் அமையுங்கள். அதாவது காற்று உள்ளே வரும் முனையும் உறிஞ்சும் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அப்படியானால் டேங்க் நிறைந்திருந்தாலும் முக்கால்வாசி காலியானாலும் என்ஜினுக்கு அழுத்தம் ஒரே மாதிரி. சாதாரண முறையில், எரிபொருள் தீரத் தீர கலவை மெலிந்து, பேட்டர்னின் கடைசியில், அதாவது கடினமான உருவங்கள் வரும் நேரத்தில், வேகம் கூடிக்கொண்டே போகும்.

கொள்ளளவு: ஃபாக்ஸ் 35-க்கு 4 அவுன்ஸ், சுமார் 120 மில்லி. 46 எல்.ஏ.வுக்கு 4.5 - 5 அவுன்ஸ். 60-க்கு மேல் 6 - 7. அமெரிக்க விதிப்படி ஒரு பறப்புக்கு 8 நிமிடம், கன்ட்ரோல் லைன் ஸ்டன்டுக்கான சர்வதேச எஃப்-2-பி விதிப்படி 7 நிமிடம். நிரப்பிப் பறந்தால் என்ஜின் நேரத்துக்கு நிற்காது, தரையிறங்கும் முன் நேரம் முடிந்துவிடும். சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள்.

பழைய என்ஜின் வாங்குவதாக இருந்தால்

மேலே சொன்ன பெயர்களில் பல இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. ஆகவே இந்தப் பகுதி அநேகமாக எல்லோருக்கும் தேவைப்படும்.

முதலில் அது எந்த வகை பிஸ்டன் என்று தெரிந்துகொள்ளுங்கள். இரும்புப் பிஸ்டன், எஃகு ஸ்லீவ் (பிஸ்டன் ஓடும் உருளை) என்றால் சுழற்றும்போது அழுத்தம் இதமாக, சீராக இருக்கும். அலுமினியப் பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ் என்றால் குளிர்ந்திருக்கும்போது உச்சியில் இறுக்கிப் பிடிக்கும். அதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள்; அந்தப் பிடி இல்லாவிட்டால்தான் தேய்ந்த என்ஜின். புரொப்பெல்லரை மாட்டி மெதுவாகச் சுழற்றி உச்சியில் நிறுத்திப் பாருங்கள். உஸ்ஸென்று உடனே இறங்கிவிட்டால் வேண்டாம்.

அப்புறம் கிராங்க் ஷாஃப்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். புஷ் பேரிங்கில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம், டக் டக் என்று தட்டக் கூடாது. பால் பேரிங் என்றால் கரகரப்பு இருக்கிறதா என்று விரலால் உணருங்கள். துரு பிடித்திருந்தால் மாற்றலாம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பொருத்தும் காதுகள் வளைந்திருந்தால், தலை ஸ்க்ரூக்களின் மரை போயிருந்தால், உடலில் வைஸ் கடித்த தடம் இருந்தால் விட்டுவிடுங்கள். முழுக்கப் பழுப்பாகி, சுழலவே மறுக்கும் என்ஜின் மட்டும் பயப்பட வேண்டிய விஷயமில்லை. காய்ந்த விளக்கெண்ணெய்தான் அது. சூடுபடுத்தி நெகிழ்த்துங்கள், பலவந்தமாகத் திருப்பினால் ராட் வளையும்.

நீடில் வால்வும் சைலன்சரும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். தனியாகத் தேடினால் சில சமயம் என்ஜினுக்குக் கொடுத்ததைவிட அதற்கு அதிகம் கொடுக்க வேண்டி வரும்.

மின்மோட்டார்

இதைக் கடைசியில் வைத்ததற்கு மரியாதைக் குறைவு காரணம் இல்லை. இன்று உலகப் போட்டியில் மின்மோட்டார் முழுக்க ஏற்கப்பட்ட வழி. ஸ்லோவாக்கியாவின் இகோர் புர்கர் போன்றவர்கள் விமானத்தின் அசைவை உணர்ந்து மோட்டாரை முடுக்கித் தணிக்கும் டைமரைக் கொண்டுவந்தபோது, பழைய 4-2-4 ஓட்டம் செய்த வேலையை மின்னணு செய்யத் தொடங்கியது.

46 என்ஜின் இடத்தில் நாலு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, சுமார் 2,500 எம்.ஏ.எச். ஆறு நிமிடத்தில் அதில் எண்பது சதவீதம் செலவானால் சராசரி மின்னோட்டம் 20 ஆம்பியர். வேகக் கட்டுப்படுத்தியில் கவர்னர் முறை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி இறங்க இறங்க வேகமும் இறங்கும். டேங்க் உயரம், கலவை, விக்கல் எதுவும் கிடையாது. பேட்டரி எடை மாறாததால் பேட்டர்னின் தொடக்கத்திலும் முடிவிலும் விமானம் ஒரே மாதிரி திரும்பும்.

எண்ணெய் மணமும் நீடில் திருப்பும் விரலும் இல்லாமல் இந்த விளையாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. ஆனால் மெத்தனால் கிடைக்காத ஊரில் அந்த ஏக்கத்தை வைத்து எதையும் பறக்கவிட முடியாது.

பிரேக்-இன் (புது என்ஜினைப் பழக்குவது), முதல் பறப்புகள்

இரும்புப் பிஸ்டன் என்ஜினைச் செறிவான ஃபோர் சைக்கிளில், இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். பொறுமையாக ஒரு மணி நேர ஓட்டம் சேர வேண்டும். அலுமினியப் பிஸ்டன், பித்தளை ஸ்லீவ் வகைக்கு அதே முறை கேடு. குளிர்ந்த நிலையில் அது உச்சியில் இறுக்குவதால், நீண்ட நேரம் குளிராக ஓட்டினால் அந்த நல்ல பிடியே தேய்ந்துவிடும். குறுகிய ஓட்டங்கள், ஆனால் சூடேறும்படி டூ சைக்கிளில்.

புரொப்பெல்லரை விரலால் தட்டாதீர்கள், குச்சியோ ஸ்டார்ட்டரோ பயன்படுத்துங்கள். கைப்பிடியை மணிக்கட்டோடு கட்டும் வார் கட்டாயம். பறக்கும் முன் விமானத்தின் எடையைப் போல் பத்து மடங்கு இழுத்துக் கம்பியைச் சோதிப்பது போட்டி விதி. தனியாகப் பறந்தாலும் செய்யுங்கள். அருகில் மின்கம்பி இருக்கும் மைதானம் என்றால் விமானத்தைப் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள்.

முதல் பறப்பில் உருவம் எதுவும் வேண்டாம். மட்டமாகச் சில சுற்று பறந்து, வெளியில் நிற்பவரை ஸ்டாப்வாட்சில் நேரம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு தலைகீழாகப் பறந்து அதே அளவு எடுங்கள். தலைகீழாகப் பறக்கும்போது சுற்று நேரம் குறைந்தால், அதாவது வேகம் கூடினால், டேங்க் உயரமாக இருக்கிறது, ஒன்றரை மி.மீ. இறக்குங்கள். தலைகீழில் மந்தமானால் அதே அளவு ஏற்றுங்கள். இரண்டும் கால் விநாடிக்குள் வரும் வரை நீடிலையும் புரொப்பெல்லரையும் தொட வேண்டாம். அதற்குப் பிறகும் சுற்று 5.5 விநாடிக்கு மேல் இருந்தால் நீடிலை ஒரு கிளிக் இறுக்குங்கள். 5-க்குக் கீழே இருந்தால் பிட்ச்சைக் கால் அங்குலம் குறைத்துப் பாருங்கள்.

அன்றைக்குப் பறந்து முடித்ததும் டேங்கைக் காலி செய்து, என்ஜினில் மிஞ்சியதையும் ஓட்டித் தீர்த்துவிட்டு, வென்ச்சுரி வழியாக நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் சுழற்றி வையுங்கள். மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நைட்ரோ அதில் அமிலத்தை விடும். பால் பேரிங் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்க அது போதும்.